இவருடைய கெண்டைக்கால்

மார்ச் 3
இன்று பார்லரில் நல்ல கூட்டம். ஒரு அம்மாள் பிடித்துவிடச் சொல்லி என் கையில் காலைக் கொடுத்துவிட்டு, அப்படியே குறட்டை விட்டுத் தூங்கிப்போனாள். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு வேண்டாம்.

சாயங்காலம் இவரை லாரிக் கூட்டாளிகள் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குகிற மனிதர். பீரோவைத் தூக்கும்போது ஒன்றும் ஆகவில்லை. சாப்பாட்டு வேளையில் பந்து விளையாடப் போய் விழுந்திருக்கிறார். "பின்னாலேர்ந்து எவனோ ஒதைச்சான்னு நெனச்சு, திட்டத் திரும்பினேன். ஒருத்தனும் இல்ல" என்கிறார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மார்ச் 5
குதிகால் நரம்பு அறுந்துவிட்டது. நரம்பில்லையாம், தசைநாணாம்; டாக்டர் திருத்தினார். ஆபரேஷன் வேண்டாம், முழங்கால் வரை இறுக்கிப் பிடிக்கிற பூட்ஸைப் போட்டிருந்தால் தானே சேர்ந்துவிடும் என்றார். கால் அசையாமல் இருந்தால் உள்ளே ரத்தம் உறையலாம். அதற்கு மாத்திரை.

நர்ஸ் வாசல்வரை வந்தாள். "கெண்டைக்கால் வலிச்சாலோ, வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ ஒடனே கூட்டிட்டு வந்துடுங்க." இவர் சும்மா இருப்பாரா? "வலிக்கு வீட்லயே ஆள் இருக்கு சிஸ்டர்" என்று என்னைக் காட்டினார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 12
நாள் முழுக்க சோபாவில் கிடக்கிறார். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார். தண்ணீர் மட்டும் குடிப்பதில்லை. குடித்தால் பாத்ரூமுக்கு நொண்ட வேண்டுமாம். இவருடைய அம்மா போனில் விசாரித்தார். "மகாராஜாவுக்கு என்ன அத்தை, நல்லாத்தான் இருக்கார்" என்றேன்.

மார்ச் 19
இன்னொரு தடவை "இந்தாம்மா, அத எடு" என்றால் ஊன்றுகோலை ஒளித்துவைத்துவிடுவேன்.

மார்ச் 22
கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது என்றார். பூட்ஸைக் கழற்றினேன். மற்றக் காலைவிடக் கொஞ்சம் பருமனாக, தொட்டால் சூடாக இருந்தது. இத்தனை நாள் அசையாமல் கிடந்தால் சதை பிடித்துக்கொள்ளாதா? எண்ணெயைச் சூடு செய்து, குதிகால் பக்கம் போகாமல், சதையை மட்டும் நன்றாக அழுத்தி நீவிவிட்டேன். "அப்பாடா, இப்பதான் உசுரு வந்துச்சு" என்றார். தூங்கிவிட்டார்.

மார்ச் 23
ஆஸ்பத்திரி வராந்தா. காலையில் பல் தேய்க்கப் போனவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு முட்டியது. காலில் உறைந்த ரத்தம் போய் நுரையீரலை அடைத்திருக்கிறதாம்.

"கால யாராவது பிடிச்சு விட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், இவர் ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கி, "யாரும் தொடல டாக்டர்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். சும்மா இரு என்கிற பார்வை.

சும்மா இருந்துட்டேன். ஏன் இருந்தேன்? சொல்லியிருக்கணும். வாய் இருக்குல்ல எனக்கு?

மார்ச் 24
போய்விட்டார்.

ஏப்ரல் 9
டாக்டரைத் தனியாகப் பார்த்துச் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "முன்னாடியே சொல்லியிருந்தாலும் இதே வைத்தியம்தான். நீங்க தொடாம இருந்தாலும் அது நகர்ந்திருக்கலாம். மாத்திரை ஆபத்தக் கொறைக்கும், அடியோட இல்லாம ஆக்காது. தேய்ச்சிருக்கக் கூடாதுதான். ஆனா அதனாலதான் போனாருன்னு என்னால சொல்ல முடியாது."

"அதனால இல்லன்னும் சொல்ல முடியாதுதானே?"

முடியாது என்று தலையாட்டினார். "வலின்னு சொன்ன அன்னிக்கே கூட்டிட்டு வந்திருக்கணும்மா."

அதுதான். அந்த நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னாளே. எனக்கென்ன அப்படி ஒரு திமிர்? வலி என்றால் என் கைக்கு அடங்கியது என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

ஏப்ரல் 20
பார்லருக்குப் போகிறேன். முடி வெட்டுவதோடு சரி.

மே 2
அத்தை என்னோடு வந்து தங்கியிருக்கிறார். இன்று சாப்பிட்டதும் காலை நீட்டிக்கொண்டு, "கொஞ்சம் பிடிச்சு விடும்மா. ஒன் கை பட்டா வலி பறந்துடும்னு அவன் சொல்லிட்டே இருப்பான்" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

இரண்டு காலையும் சேர்த்துவைத்துப் பார்த்தேன். தொட்டுப் பார்த்தேன். வீக்கமில்லை, சூடில்லை. நடந்து வந்த அலுப்புதான். ஆனாலும் அழுத்தவில்லை. அவர் காலை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். எனக்காக இவர் பொய் சொன்னதையும் சொன்னேன்.

அத்தை என் மடியிலிருந்து காலை எடுத்துக்கொள்ளவில்லை.