இன்புட் எங்கே என்று கேட்டவளுக்கு

போன செவ்வாய்க்கிழமை ஒரு பார்சல் விஷயமாகக் கிருஷ்ணகிரி ரோட்டில் இருக்கும் லாரி புக்கிங் ஆபீசுக்குப் போயிருந்தேன். மூலையில் ஒரு பழைய பிரிண்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பல்லைக் கடிப்பதுபோல் அதே கரகர சத்தம். ரிப்பன் மையின் வாசனை மூக்கில் ஏறியது. இரண்டு ஓரத்திலும் ஓட்டை போட்ட தாளைக் கிளார்க் கிழித்து நீட்டியபோது வாங்க மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். வயதாகிவிட்டது என்று அவர் நினைத்திருப்பார். எனக்கு வந்தது கோபம். இத்தனை வருஷம் கழித்தும் அது ஆறாமல் இருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். அதைச் சொல்ல உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

மூக்கண்டப்பள்ளிப் பக்கம் நம் தொழிற்சாலைக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது அதற்கென்று கண்ணாடி அறை கட்டி ஏசி வைத்தார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். மின்விசிறிகூட ஒழுங்காகச் சுற்றாத அசெம்பிளி லைனில் நின்ற நீங்களெல்லாம் அதற்குக் குளுகுளு ரூம் என்று பெயர் வைத்தீர்கள். நான் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்திருந்ததால் என்னை அதற்குள் உட்கார வைத்தார்கள். பஜாரில் வளையல் கடை வைத்திருந்த எங்கள் அத்தா, கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் மகள் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நீ கெலமங்கலத்துக்காரி. வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், என்னிடம் தமிழ். மத்திகிரியில் வேறு இரண்டு பெண்களோடு வாடகைக்கு இருந்தாய். டவுன் பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைப்பாய். வேலை நிரந்தரமாக இன்னும் மூன்று மாதம்தான் இருந்தது உனக்கு. அது கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்பி, பிடிக்காத மாமன் மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அதை நீ ஒரே ஒரு தடவைதான் சொன்னாய், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு.

அந்த மாதம் வருகைப் பதிவைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள். கேட்டில் போடும் டோக்கன் நம்பர்களை டைம் ஆபீஸ் கிளார்க் ஒரு தாளில் எழுதி அனுப்புவார், நான் அதைப் பார்த்துத் தட்டுவேன். இரண்டு வாரம் கழித்து முதல் பட்டியல் அச்சாகி வந்தது. அதில் நீ பன்னிரண்டு நாளும் வேலைக்கு வரவில்லை. தொடர்ந்து எட்டு நாள் வராவிட்டால் பெயரை எடுத்துவிடலாம் என்பது விதி. எடுத்துவிட்டார்கள்.

பன்னிரண்டு நாளும் உன் பின்னால் நின்று வேலை வாங்கிய சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டாய். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "நான் பாத்தேன்தாம்மா. ஆனா லிஸ்ட்டுல வேற மாதிரி இருக்குதே, நான் எப்படி எழுதிக் குடுக்கறது?" என்றாராம். ஆள் சேர்ப்பதும் நீக்குவதும் பர்சனல் ஆபீசர் கையில். அவர் அதற்கு மேலே போனார். கம்ப்யூட்டர் தப்பே பண்ணாது என்றார். லைன் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்று நீ மனு எழுதிய நாளிலிருந்து அவருக்கு உன்மேல் ஒரு கடுப்பு இருந்தது.

அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு பெயர்ப் பட்டியலைத் திரையில் வரவழைத்துப் பார்த்தேன். உன் டோக்கன் 217. பெயர்ப் பட்டியல் ஏற்றிய அன்று நான் அதை 271 என்று தட்டியிருந்தேன். அப்படி ஒரு டோக்கனே கிடையாது. தினமும் கேட்டிலிருந்து வந்த 217 யாருடையது என்று தெரியாமல் மெஷின் அதைத் தள்ளிவிட்டது. 271 வரவே இல்லை என்று குறித்துக்கொண்டது. ஒரு தடவை என் விரல் தடுமாறியதற்கு அது பன்னிரண்டு நாள் உன்னை இல்லாதவளாக்கியது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்திகிரிக்கு வந்து உன் அறை வாசலிலேயே நின்று சொல்லிவிட்டேன். அறைவாய் என்றுதான் நினைத்தேன். நீ பாயை விரித்து, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாய்.

"அந்த மெஷினுக்குள்ள என்ன நடக்குதுன்னு மொதல்லருந்து சொல்லு. சண்டை போடறதுக்கு எனக்கு வார்த்தை வேணும்."

சொன்னேன். கீபோர்டில் தட்டுவது இன்புட். உள்ளே அதை வைத்து வேலை செய்வது பிராசசர். எதற்குப் பிறகு எதைச் செய்ய வேண்டும் என்று முன்கூட்டி எழுதி வைத்திருப்பது புரோகிராம். திரையிலும் தாளிலும் வருவது அவுட்புட். மெமரி இரண்டு வகை: ஒன்று கரண்ட் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடும், பிளாப்பியில் சேவ் பண்ணி வைத்தது மறக்காது. நீ ஒவ்வொன்றையும் தமிழில் எழுதிக்கொண்டு, நடுநடுவே பென்சிலைக் கடித்தாய்.

தப்பாகக் கொடுத்தால் என்ன செய்யும் என்று கேட்டாய். தப்பாகவே திருப்பிக் கொடுக்கும் என்றேன். அதற்குச் சந்தேகம் வராதா என்றாய். வராது என்றேன்.

"அப்ப நம்ம சூப்பர்வைசர் மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு, அந்த ரெண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தாய்.

நான் கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டாய். நாளைக்கு நான் வாயைத் திறக்கக் கூடாது, இரண்டு பேர் வேலையும் போய் யாருக்கு என்ன பிரயோஜனம் என்றாய். கேள்வியை நீயே கேட்டுக்கொள்வதாகச் சொன்னாய். நானும் தலையாட்டினேன்.

திங்கட்கிழமை பர்சனல் ஆபீசர் மேஜைக்கு முன்னால் நின்றாய். மெஷினைப் பற்றிச் சாட்சி சொல்ல அவரே என்னையும் கூப்பிட்டிருந்தார். நீ அந்தப் பட்டியலை மேஜைமேல் வைத்தாய்.

"இது அவுட்புட்டுங்க சார். இன்புட் எங்கீங்க?"

அவர் என்னைப் பார்த்தார், பிறகு உன்னை. லைனில் நிற்கிற பெண்ணுக்கு இந்த வார்த்தையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார்.

"வார்த்தைக்கும் கேட் பாஸ் வேணுங்களா சார்?"

அவர் முகம் சிவந்தது. என் பக்கம் திரும்பி, இந்த மெஷின் தப்பு பண்ணுமா, நீயே சொல்லும்மா என்றார். பண்ணாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். நீ என்னைப் பார்க்கவே இல்லை. பேசாதே என்று சொல்வதற்காகவே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். என்னால்தான் முடியவில்லை.

"நான்தான் சார் தப்புப் பண்ணேன். 217ஐ 271ன்னு அடிச்சுட்டேன். மெஷின் நான் சொன்னதைத்தான் சொல்லுது."

டைம் ஆபீசிலிருந்து தாள்களைக் கொண்டுவரச் சொன்னார்கள். பன்னிரண்டு தாளிலும் கிளார்க்கின் கோணல் எழுத்தில் 217 இருந்தது. ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, சரி, போய் வேலையைப் பார் என்றார். நீ நகரவில்லை. பட்டியல் தப்பு, நீ எல்லா நாளும் வந்திருந்தாய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னாய். அவர் போனை எடுத்தார், வைத்தார், வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தார். நீ நின்ற இடத்திலேயே நின்றாய். கடைசியில் எழுதிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் என்னைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அத்தாவிடம் சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆனது. நீ நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம் உன் டப்பாவோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "உன்னை யாரு பேசச் சொன்னது?" என்று கேட்டுவிட்டு, ராகி உருண்டையில் பாதியை என் மூடியில் வைத்தாய்.

அதோடு நீ விடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் லைன் பெண்களுக்கெல்லாம் அந்த நோட்டைப் படித்துக் காட்டினாய். பட்டியலை முடிவாக்குவதற்கு முன்னால் நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும் என்று நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கினாய். ஒட்டினார்கள். அடுத்த மாதம் எடுத்துவிட்டார்கள். நாற்பது பேரும் ஆபீஸ் வராந்தாவில் போய் நின்றோம். மறுபடியும் ஒட்டினார்கள். மூன்று மாதத்தில் நீ நிரந்தரமானாய். மாமன் மகனுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்தார்கள்.

இரண்டு வருஷம் நான் அட்டைப்பெட்டி ஒட்டினேன். அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை என்று இப்போது எழுதினால், எங்கிருந்தாலும் நீ சிரிப்பாய். வருத்தப்பட்டேன். விரலில் பசை காய்ந்து உரியும்போதெல்லாம் வருத்தப்பட்டேன். ஆனால் அந்த அறைக்குள் மறுபடியும் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்டிருந்தால் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன்.

பிறகு வேறொரு ஆபீசில் திரும்பக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ரிட்டயர் ஆகும்வரை அதே வேலை. புதிதாக வருகிற பெண்களுக்குக் கீபோர்டைத் தொட விடுவதற்கு முன் நான் ஒன்று சொல்வேன்: இது தானாக எதுவும் சொல்லாது, யாரோ சொன்னதைத்தான் சொல்லும், இன்றிலிருந்து அந்த யாரோ நீ. பாதிப்பேர் சிரிப்பார்கள். அவர்கள் சிரித்தால் எனக்கென்ன?

உனக்கு உடம்பு முடியாமல் போன செய்தி தாமதமாகத்தான் வந்தது. நான் கெலமங்கலம் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உன் முகத்தை நான் பார்க்கவில்லை. அதற்கு யார்மேல் கோபப்படுவது என்று இன்னும் தெரியவில்லை.

ஒன்று மட்டும் உனக்குத் தெரியாது. நான் தட்டி அச்சான ஒவ்வொரு தாளின் அடியிலும், யாரும் கேட்காமலே, பேனாவால் என் பெயரை எழுதிவிடுவேன். எதற்கு என்று மேனேஜர்கள் கேட்டிருக்கிறார்கள், வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். தப்பு இருந்தால் வந்து கேட்பதற்கு ஒரு ஆள் வேண்டாமா சார் என்பேன். கடைசி நாள் கடைசித் தாளிலும் எழுதிவிட்டுத்தான் எழுந்தேன்.