வெட்டினேன், தைக்கவில்லை

ஜனவரி 1, வியாழன்

பனி. நேற்றுத் துவைத்த துணி மதியம்வரை ஈரம். வலது தோளைத் தூக்க முடியவில்லை. எண்ணெய் தேய்த்தேன். பிரயோஜனம் இல்லை.

புது டைரி. மகன் பிரஸ்ஸில் அடித்ததுதான், ஆனால் கழிவுப் பிரதி. பைண்டிங்கில் ஃபாரம் என்கிற தாள் மடிப்பு மாறி, ‘இந்த ஆண்டு என் இலக்குகள்’ என்ற பக்கம் இரண்டு தடவை வந்துவிட்டது. கடைக்குப் போகாது. எனக்கு வந்தது. ஐந்தாவது படித்தவள்தான். ஆனாலும் இந்தத் தெருவில் விடாமல் டைரி எழுதுகிறவள் நான் ஒருத்திதான்.

மருமகள் ராஜி புரட்டிப் பார்த்தாள். “அத்தைக்கு மட்டும் இலக்கு டபுளா வந்துருக்கு. ஒரு வருசத்துல ரெண்டு வருச வேலை பாக்கணும்போல.”

இப்போது மட்டும் என்னவாம்.

ஊருக்கெல்லாம் இன்று புது வருடம். பிரஸ்காரர்களான எங்களுக்கு இது ஆடியிலேயே வந்துவிட்டது. காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வந்த நாளிலிருந்து இந்த வருடத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப் போயிற்று.

பேத்தி நித்யா, ராஜியின் மகள், வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை, லீவு போட்டிருக்கிறாள். சும்மா இருக்க மாட்டாள்.

“ஆச்சி, தையலுக்கு வருசக் கோல், அதான் இலக்கு, எழுதுவோம். வெளிநாட்டுல குவில்ட்டு, அதான் துண்டு ஒட்டுன விரிப்பு, தைக்கிறவுகள்லாம் ஒண்ணாந்தேதி எழுதிருவாக.”

“எழுதாட்டி ஊசி உள்ள இறங்காதாக்கும்?”

“எழுதுங்க. தேதி போட்டு எழுதணும். தேதி இல்லாட்டி அது கோல் இல்ல, வெறும் ஆசை.”

எழுதியது:

1.
2. பீரோவில் இருக்கிற துணி தீரும்வரை புதுத்துணி வாங்கக் கூடாது.
3. என் கட்டிலுக்கு ஒட்டு விரிப்பு. பாதியில் நிற்கிறது, எத்தனையோ காலமாக. முடிக்க வேண்டும்.
4. அக்கம்பக்கத்துச் சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது, ஜாக்கெட் பிரித்துத் தைப்பது கிடையாது. தோள் வலி என்று சொல்லிவிட வேண்டும்.
5. மிஷினுக்கு எண்ணெய், மாதம் ஒரு தரம்.

முதல் வரி அவள் சொன்னது: “எம்பிள்ளைக்கு ஒரு ஒட்டு விரிப்பு. சின்னது போதும்.” நான் எழுதவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்துவிட்டேன். அடுப்பில் பாலே இல்லை.

பிறக்காத பிள்ளைக்குத் துணி தைக்கக் கூடாது. வாங்கவும் கூடாது. பிறந்தாலும் பெயர் வைக்கும்வரை பழந்துணிதான் போட வேண்டும். போன தடவை நித்யா மூன்றாம் மாதமே தொப்பி, சாக்ஸ், கொசுவலைவரை ஆன்லைனில் வாங்கி அடுக்கினாள். அந்தப் பிள்ளை தங்கவில்லை. வாங்கியதால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னதும் இல்லை. ஆனால் இந்தத் தடவை என் கையால் ஒன்றும் முன்கூட்டி நடக்காது. காரணத்தை அவளிடம் சொல்லவும் முடியாது. சொன்னால் அந்தத் தொப்பியை எடுத்து அவள் மடியில் வைத்த மாதிரி.

அதனால் முதல் வரி காலி.

ஜனவரி 3, சனி

கீழே பிரஸ்ஸுக்கு மூட்டை வந்தது. திருப்பூர் பனியன் வேஸ்ட். சட்டை வெட்டி மீந்த துண்டுகள். பிரஸ்ஸில் ரோலரில் மை துடைக்க மூட்டை மூட்டையாக வாங்குகிறார்கள். நல்ல பருத்தி, பூ மாதிரி. இந்தத் தடவை பிள்ளைகள் சட்டைத் துணி நிறைய. மஞ்சளில் வாத்து, ஊதாவில் நட்சத்திரம். மை துடைக்க வாத்து எதற்கு?

நான் உட்கார்ந்து பொறுக்குவதைப் பார்த்து மகன், “பாதி மூட்டைய நீங்க எடுத்துட்டா மிஷின எத வச்சும்மா தொடைக்க? ஒங்க சேலையையா?”

“தொடைலே. காட்டன் சேலைதான், நல்லா உறிஞ்சும்.”

மிஷின்மேன் பாண்டி சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பி நின்றான்.

வாத்துத் துணி கொஞ்சம் எடுத்தேன். யாருக்கு என்று நினைக்கவில்லை. சும்மா எடுத்தேன்.

ஜனவரி 6, செவ்வாய்

வெண்டைக்காய் எல்லாம் முற்றல். கடைக்காரனிடம் சொல்ல வேண்டும்.

மதியம் நித்யா தூங்கினாள். காலண்டர் அட்டையில் ஒரு சதுரம் வெட்டி, அதை அளவாக வைத்து வாத்துத் துணியை வெட்டினேன். பனியன் துணி அடங்காது. இழுத்தால் நீளும், விட்டால் சுருளும். ஆனால் என் மூலைகள் மூலைகள்தான். கோணல் தையல் ஒன்று விழுந்தால் இன்றுவரை பிரிக்காமல் விட்டதில்லை.

யோசித்துப் பார்த்தேன். வெட்டுவது தைப்பது ஆகாது. ஊசி படவில்லை, நூல் படவில்லை. குற்றமில்லை. யாராவது கேட்டால், பை தைக்க.

வாத்துக்கு நடுநடுவே சேர்க்க அவருடைய வேட்டி ஒன்றில் பாதியையும் வெட்டினேன். அவர் போய்ச் சேர்ந்தும் வேட்டி கிழியவில்லை. துவைத்துத் துவைத்து மெத்தென்றாகிவிட்டது. வெட்டும்போது கை நின்றது. பிறகு வெட்டிவிட்டேன்.

சாயங்காலம் எதிர்வீட்டு டீச்சர், கையில் சேலை. “ஆச்சி கை பட்டாத்தான் ஆச்சி ஃபால்ஸ் சுருங்காம நிக்குது.” புகழ்ந்தால் நான் செத்தேன். அடித்துக் கொடுத்தேன். நாலாவது இலக்கு ஒரு வாரம்கூட நிற்கவில்லை. தோள் விண் விண்ணென்று தெறிக்கிறது.

ஜனவரி 9, வெள்ளி

பதினொரு மணி வாக்கில் தூரத்தில் ஒரு வெடி. ஜன்னல் அதிர்ந்தது. எல்லோரும் கையில் இருந்ததை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றோம். அடுத்த சத்தம் இல்லை. பட்டாசு ஆலையில் சோதனை வெடிதான். ராஜி மறுபடி தேங்காய் துருவினாள்.

நித்யா போனில் ஒரு படம் காட்டினாள். “என் ஃபிரெண்டு ரம்யாவோட அம்மாச்சி தச்சது ஆச்சி. பிள்ளை பெறக்கிறதுக்கு முன்னாடியே அனுப்பிட்டாக.”

“நல்ல மனுசி” என்றேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

“நீங்க டீச்சர் சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பீக.”

எழுந்து போய்விட்டாள்.

பிறகு தண்ணீர் குடிக்கப் போனேன். அடுப்படியில் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள்: “ஆச்சிக்கு இந்தப் பிள்ளை மேல இஷ்டமில்லையோம்மா? போன தடவ மாதிரி ஆயிரும்னு ஒதுங்கி நிக்கிறாகளோ?”

ராஜி: “இஷ்டத்த ஒங்க ஆச்சி வாயால சொல்லி நான் கேட்டதே இல்ல. ஒங்க அப்பாவும் கேட்டிருக்க மாட்டாரு. சாப்பிடு.”

தண்ணீர் குடிக்காமல் திரும்பிவிட்டேன். சொல்லிவிடலாமா? சொன்னால் முதல் வரியை எழுதின மாதிரிதானே.

மதியம் கதவைச் சாத்திக்கொண்டு வெட்டினேன். நட்சத்திரம்.

ஜனவரி 13, செவ்வாய்

பொங்கலுக்கு வீடு ஒதுக்குதல். தூசி, தும்மல். எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று மகன் ஆமத்தூர் கூட்டிப்போனான், சம்பந்தியம்மாவைப் பார்க்க. நித்யாவின் மாமியார். அவர்களும் அதையேதான் சொன்னார்கள்: “பிள்ளைக்குன்னு ஒண்ணும் வாங்கிறாதீக.” நான் ஏன் வாங்குகிறேன்.

திரும்பி வந்து பார்த்தால் தையல் மிஷின் மேலிருந்த மஞ்சள் பையைக் காணோம். வெட்டின துண்டெல்லாம் அதில்தான்.

“அந்த வேஸ்ட் துணிப் பையா அத்தை? மூட்டையில இருந்து விழுந்ததுன்னு நெனச்சேன். கீழ பிரஸ்ஸுக்குக் குடுத்துவிட்டுட்டேனே.”

முழங்கால் வலியோடு மாடிப்படி இறங்கினேன். சரவெடிப் பெட்டி ஆர்டர் ஓடி முடிந்து, பாண்டி ரோலரைக் கழுவிக்கொண்டிருந்தான்.

“பாண்டி, ஒரு மஞ்சப்பை வந்துச்சா?”

“வந்துச்சு ஆச்சி! அருமையான துணி. எல்லாம் ஒரே சைஸு, சதுரஞ்சதுரமா. திருப்பூர்க்காரன் இப்பத்தான் திருந்தியிருக்கான்னு மொதலாளி அண்ணாச்சிட்டகூடச் சொன்னேன். நல்லா உறிஞ்சுச்சு ஆச்சி!”

காலடியில் டின். எட்டிப் பார்த்தேன். ஒரு வாத்து நீலம், ஒரு வாத்து சிவப்பு, கறுப்பில் முங்கினது பல. வேட்டித் துண்டு எது, பனியன் எது என்றே தெரியவில்லை.

பாண்டி என் முகத்தைப் பார்த்துவிட்டான். “ஏன் ஆச்சி, தப்பாப் போச்சா?”

“ஒண்ணுமில்லப்பா. வேஸ்ட்தான்.”

அவன் மேல் குற்றமில்லை. ராஜி மேலும் இல்லை. ஒட்டியிருந்தால் விரிப்பு என்று தெரிந்திருக்கும். ஒட்டாத துண்டு வேஸ்ட்தான். படியேற நேரமாயிற்று. நடுவில் உட்கார்ந்து ஏறினேன்.

ஜனவரி 14, புதன். போகி

காலையில் பாண்டி மேலே வந்திருக்கிறான், நான் குளிக்கப் போன நேரம். மை படாமல் கிடந்த கொஞ்சத் துண்டுகளையும், மண்ணெண்ணெயில் அலசிக் காயவைத்த கொஞ்சத்தையும் நித்யா கையில் கொடுத்துவிட்டு, “ஆச்சிட்ட குடுத்துருங்க. நேத்து அவுக மொகம் செத்துப் போச்சு” என்றிருக்கிறான்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தால், கட்டிலில் துண்டுகளை வரிசையாகப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

“இது யாருக்கு ஆச்சி?”

“யாருக்குமில்ல. பை தைக்க.”

“பையா? ஒங்க பையில வாத்து நீந்தப் போகுதா?”

வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். “இது தாத்தா வேட்டி.”

“ம்.”

“எனக்குத் தைக்கவே மாட்டீகன்னு நெனச்சேன்.”

“நான் தைக்கலையே தாயி. வெட்டுனேன். அம்புட்டுதான்.”

புரிந்துகொண்டாள். கெட்டிக்காரி, எங்கள் வம்சம். “அந்தத் தொப்பி...” என்று ஆரம்பித்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளும் நிறுத்திவிட்டாள். கண்ணில் தண்ணீர். எனக்கும்தான், ஆனால் என்னுடையது சீயக்காய்.

பிறகு டைரியை வாங்கி அந்த முதல் வரியை விரலால் தொட்டாள். “இது காலியாவே இருக்கட்டும். தேதியும் வேண்டாம். வெட்டலாம்ல ஆச்சி?” என்று கத்தரியை எடுத்தாள். பிடுங்கிவிட்டேன்.

“இன்னைக்குக் கிரகணம் இல்லையே!”

“இல்லாட்டியும் நீ கத்தரியத் தொடாத.”

“சாக்பீஸு?”

யோசித்தேன். கோடு போடுவதில் குற்றமில்லை. அவள் அட்டையை வைத்துக் கோடு போட, நான் வெட்ட, ராஜி சாப்பாட்டுக்கு மூன்று தரம் கூப்பிட்டு நாலாவது தரம் உள்ளே வந்து பார்த்தாள். பையை வாங்கிப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தாள்.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

வெயில் நன்றாக இருந்தது. பொங்கலில் வெல்லம் தூக்கல். மகன் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவன்.

பாண்டி பொண்டாட்டியோடு வந்தான். “அடுத்த மூட்டை ஒங்க கண்ணுல படாம மிஷினுக்குப் போகாது ஆச்சி.” ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான்போல. டீச்சர்கூட வாத்தை விசாரித்தாள். இன்னொரு சேலையும் கொண்டுவந்தாள். தோள் வலி என்று சொல்லிவிட்டேன். சொல்ல முடிகிறது.

மை பட்டு, கழுவியும் போகாத துண்டுகள் என் கட்டில் விரிப்புக்கு. எனக்கென்ன, நீல வாத்தின் மேல் படுத்தால் தூக்கம் வராதா. மூன்றாவது இலக்கு நகர்கிறது.

ஜனவரி 24, சனி

ஒரு வாரத்துக்கு மேலாக எழுதத் தெம்பில்லை. நித்யாவுக்குக் கால் வீக்கம். டாக்டர் பயமில்லை என்கிறார். பயமில்லை என்று சொன்ன பிறகு வருகிற பயம் தனி. மிஷின் பக்கமே போகவில்லை. பீரோ சாவி இடுப்பில்.

ராஜி, “அத்தை, நீங்க கொஞ்சம் படுங்க. நீங்களும் விழுந்துட்டா நான் யாரப் பாக்க?” என்றாள். படுத்தேன். மேலே விசிறி சுற்றுகிறது. வேறொன்றும் இல்லை எழுத.

ஜனவரி 30, வெள்ளி

ஆஸ்பத்திரி. நேற்று மதியம் போனது. உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு மரத்துவிட்டது. யார் எது கேட்டாலும் கோபம் வந்தது. பிளாஸ்க் மூடி தொலைந்ததற்கு மகனைத் திட்டினேன். பாவம்.

காலையில் பெண் பிள்ளை. சுகம். இருவரும் சுகம். நர்ஸ் துணி கேட்டது. ராஜி பையைத் துழாவுவதற்குள் நான் கொடுத்துவிட்டேன், அவருடைய வேட்டியில் வெட்டாமல் வைத்திருந்த பாதியை. அதில் சுற்றித்தான் கொண்டுவந்தார்கள். மூக்கு அவர் மூக்கு. நான் சொல்லவில்லை, ராஜி சொன்னாள்.

நித்யா கண் திறந்தவுடன் என்னைப் பார்த்துச் சொன்னது: “ஆச்சி, இப்பத் தேதி போடலாம்.”

வீட்டுக்கு வந்தேன். குளித்தேன். சாப்பிடப் பிடிக்கவில்லை. இரண்டு தடவை வந்துவிட்ட அந்த இலக்குப் பக்கத்தில், கை படாத இரண்டாவதை எடுத்தேன். முதல் வரி:

1. ஒட்டு விரிப்பு. வாத்தும் நட்சத்திரமும். பெயர் வைக்கும் நாளுக்குள்.

மற்ற வரிகளுக்கு இப்போது தெம்பில்லை.

பீரோவைத் திறந்தேன். மிஷினுக்கு எண்ணெய் விட்டேன். பாபினில் நூல் சுற்றிக் கோத்து, ஒரு வாத்தும் ஒரு வெள்ளையும் சேர்த்து ஓட்டினேன். தோள் சொன்னபடி கேட்கவில்லை. கோணல்.

பிரிக்கப் போனேன். விட்டுவிட்டேன். கண்ணேறு கழியட்டும்.