தேர்வு முடிவு வந்தது

சென்னை
14-5-1957

மரியாதைக்குரிய அப்பாவுக்கு மகள் ழிசெல் எழுதுவது. மாதாவின் அருளால் நலமாயிருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நூலகப் பயிற்சித் தேர்வில் இந்த முறையும் நான் தேறவில்லை. காரைக்காலில் பதினொரு வருஷம் பிரெஞ்சிலேயே பார்த்த நூலக வேலையை இங்கே ஆங்கிலத்தில் கேட்கிறார்கள். கல்லூரி முதல்வர் அம்மாள் கூப்பிட்டுப் பேசினார்.

"உங்க வேலையில ஒரு குறையும் இல்லைங்க. ஆனா சர்டிபிகேட் இல்லாதவங்கள லைப்ரரியனா வச்சுக்க எனக்கு அதிகாரம் இல்லையே."

நாற்பது வயதாகிவிட்டதால் மறுபடி எழுதவும் முடியாதாம். ஜூன் முதல் எனக்கு உதவியாக இருந்த விசாலாட்சிதான் லைப்ரரியன். புத்தக அட்டவணை எழுத அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான். பாவம், என் முகத்தைப் பார்க்கவே கூசுகிறாள். எனக்குக் கிழிந்த புத்தகங்களை ஒட்டும் வேலை. உட்கார்ந்தே செய்யலாம், சிரமமில்லை.

பசை பட்டு விரல்கள் வெடிக்கின்றன. தெரிந்தவர்கள் வந்தால் தேங்காய் எண்ணெய் கொடுத்தனுப்புங்கள். கொஞ்சம் நம்மூர்க் கருக்களாச்சேரிக் கருவாடும் வையுங்கள். விடுதியில் பொரிக்க விடமாட்டார்கள், இருந்தாலும் வையுங்கள்.

தபால்காரர் வரும் நேரம், முடிக்கிறேன். இனி உறையின் மேல் என் பெயருக்குக் கீழே 'லைப்ரரியன்' என்று எழுத வேண்டாம் அப்பா. பெயர் மட்டும் போதும்.

ழிசெல்