சமத்துப் பிள்ளை

பாப்பாவின் அப்பாவுக்கு,

போனில் பேசினால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் இதைத் தங்கச்சியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பாப்பா கண்ணில் கட்டோடு நீல விளக்கின் அடியில் படுத்திருக்கிறாள். வயிறு வரைக்கும் மஞ்சள்.

அழாத பிள்ளை, சமத்துப் பிள்ளை என்று வீடே கொண்டாடினோமே! அவள் தூக்கம் கலையக் கூடாதென்று அத்தை மிக்சியைத் தொடவில்லை. நீங்கள் அழைப்பு மணியையே கழற்றி வைத்தீர்கள். நானும் மார்பு கல்லாய்க் கனக்க, அவளாக எழட்டும் என்று காத்திருந்தேன்.

"சமத்து இல்லம்மா, சோர்வு," என்றார் நர்ஸ். "மஞ்சள் ஏறினா பிள்ளை தூங்கிக்கிட்டே இருக்கும். பால் உள்ள போனாத்தான் மஞ்சள் இறங்கும். பாவம் பார்க்காம எழுப்பிக் குடுங்க."

எழுப்புவதுதான் இப்போது என் வேலை. உள்ளங்காலைச் சுண்டுகிறேன், துணியை அவிழ்க்கிறேன், கெஞ்சுகிறேன். இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு மறுபடி கண் சொருகிவிடுகிறாள். எனக்கும்தான் சொருகுகிறது. மஞ்சள் இறங்காவிட்டால் பாப்பாவின் ரத்தத்தையே மாற்ற வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

இன்று மதியம் நான் தொடுவதற்கு முன்பே, பசித்து, அவளாகவே அழுதாள். வார்டே திரும்பிப் பார்த்தது. "என்னக்கா, இந்தக் கத்து கத்துறா!" என்று பக்கத்துக் கட்டில்காரி சலித்துக்கொண்டாள். நான் பாப்பாவை மார்பில் போடுவதற்கு முன், ஒரு நிமிஷம் கேட்டுக்கொண்டே நின்றேன்.

நாங்கள் வருவதற்குள் அந்த மணியை மாட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
அடங்காப்பிடாரியின் அம்மா