ராஜாத்தியும் அவளைப் பற்றி எழுதிய பிள்ளைகளும்

இன்று காலை நெத்திலி வேகும் மணத்தில்தான் உன்னோடு பேசத் தோன்றியது. உப்பில்லாமல், புளியில்லாமல், துளி மஞ்சள் மட்டும் போட்டு வேகிற நெத்திலி. என் அடுப்பில் இப்படி ஒரு சமையல் நடக்கும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். உன் ராஜாத்தி அடுக்களை வாசலில் முன்னங்காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, ஆறிவிட்டதா என்று என் முகத்தையே பார்க்கிறாள்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில், அந்தக் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் நீயும் நானும் அடுத்தடுத்த மேசைகளில் இருந்தோம். ஒரு மழை நாளில் கன்டெய்னர் லாரிக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்த நாய்க்குட்டியை முந்தானையில் சுற்றி எடுத்து வந்து, உன் மேசை இழுப்பறையில் படுக்க வைத்தாய்.

"ஏளா, மேனேஜர் பாத்தா என்ன சொல்வாரு?" என்றேன்.

"பாத்தா பாக்கட்டும். இவளுக்கு ராஜாத்தின்னு பேரு வச்சாச்சு" என்றாய்.

உனக்கென்று ஒரு நல்ல சேலை எடுக்க விலை பார்த்து நாலு கடை ஏறி இறங்குகிறவள், ராஜாத்திக்கு இலவம்பஞ்சு மெத்தை தைக்கக் கொடுத்தாய். கரண்ட் போனால் விசிறி எடுத்து வீசினாய். தினமும் சாயங்காலம் ஆளுக்குப் பாதியாக முந்திரி மக்ரூன் மிட்டாய் தின்றீர்கள். உன்னோடு வேறு யாரும் இல்லாத வீடு அது. அவள் வந்த பிறகு அலுவலகம் முடிந்ததும் நீ என்னோடு டீ குடிக்கக்கூட நிற்காமல் ஓடினாய். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

வாசற்படி ஏற முடியாத அளவுக்கு ராஜாத்தி பெருத்தபோதுதான் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு உன்னைப் பார்த்தார். "அம்மா, பாசம் காட்டுதேன்னு கொன்னு போட்டுராதீங்க. இனிப்ப நிறுத்துங்க. உப்பில்லாம மீன வேகவச்சுக் குடுங்க. காலையிலயும் சாயங்காலமும் நடக்க விடுங்க." வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று அழுதாய். அன்று மாலையே கடற்கரைச் சாலையில் நடை ஆரம்பமாகிவிட்டது.

நடையா அது! கொஞ்ச தூரம் போவாள், உட்கார்ந்துவிடுவாள். நீ நடுரோட்டில் கெஞ்சிக்கொண்டிருப்பாய். அந்த வேடிக்கைக்காகவே தெருப்பிள்ளைகள் கூட வந்தார்கள். அவள் ஏன் உட்கார்ந்தாள் என்பதற்கு ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருந்தது. கப்பல் சங்கு ஊதியதில் பயந்துவிட்டாள் என்றான் ஒருவன். "இல்ல ஆன்ட்டி, அந்த நண்டு அவளத் திட்டிட்டு" என்றாள் ஒரு சின்னவள். நீ சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாய். "ஏலே, இதையெல்லாம் எழுதுங்க. நான் கம்ப்யூட்டர்ல போடுதேன். ஊரே படிக்கட்டும்."

அப்படித்தான் அந்த வலைப்பூ பிறந்தது. பள்ளிக்கூடத்தில் அரைப் பக்கக் கட்டுரைக்கு அழுகிற பிள்ளைகள் ராஜாத்தியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நீ வருவதற்குள் உன் வீட்டு வாசலில் செருப்புகள் நிறைந்திருக்கும். றகரமும் ரகரமும் இடம் மாறிக் கிடக்கிறதே என்று நான்தான் குறைப்பட்டுக்கொள்வேன். "கெடக்கட்டும்ளா. மொதல்ல சொல்ல வந்தத சொல்லி முடிக்கட்டும்" என்பாய்.

அந்தப் பிள்ளைகளில் கடைசியாக நடந்து வருகிறவள் அகிலா. கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவரின் மகள், ஏழாம் வகுப்பு. கதை எதுவும் சொல்ல மாட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போன பிறகு, உன் கம்ப்யூட்டர் முன்னால் நின்றுகொண்டே, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள். அவர்கள் வீட்டு நாய் மணியைப் பற்றி. லாரி ஷெட்டில் குட்டைச் சங்கிலி, நிழல் கிடையாது, சட்டியில் தண்ணீர் கொதிக்கிறது, அப்பாவுக்குக் கோபம் வந்தால் மணிக்குத்தான் உதை. நீ வாசித்துவிட்டு, "போடட்டுமா? ஒங்க அப்பாவும் பாப்பாங்க" என்று கேட்டாய். அவள் யோசித்துவிட்டுத்தான் தலையாட்டினாள்.

அடுத்த ஞாயிறு அகிலாவின் அப்பா வந்துவிட்டார். நானும் அங்கேதான் இருந்தேன். வாசலில் நின்றபடியே சத்தம் போட்டார். "என்னம்மா பண்ணி வச்சிருக்கீய? என் வீட்டு விஷயத்த ஊர் பூரா வாசிக்க விட்டுட்டியளே! ஹார்பர்ல பாக்குறவன்லாம் கேக்குதான்."

அகிலாவை அவர் அடித்திருப்பாரோ என்பதுதான் என் முதல் நினைப்பு. நீ நாற்காலியிலிருந்து எழுந்தாய்.

"அண்ணாச்சி, நீங்க வாசிச்சீங்களா?"

"நான் எதுக்கு வாசிக்கணும்? சொன்னாங்க."

கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பி வைத்தாய். உட்காராமலே வாசிக்க ஆரம்பித்தார். கடைசி வரிகளுக்கு வந்தபோது உதடு அசைவது நின்றுவிட்டது. அந்த வரிகள் எனக்கு இன்றும் மனப்பாடம்: "அப்பா லாரி ஓட்டிட்டு வந்து கால் வலிக்குதுன்னு படுத்துருப்பாங்க. மணியும் படுத்துருக்கும். ரெண்டு பேருக்கும் யாரும் எண்ணெய் தேச்சு விடல. நான் தேச்சு விடலாம்னு போனா ரெண்டு பேருமே கத்துவாங்க."

"எடுக்கச் சொன்னா இப்பவே எடுத்துருதேன்" என்றாய். "ஆனா அத அவகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

அவர் படியிறங்கிப் போனார். அந்த வாரம் முழுக்க நீ தூங்கவில்லை. அகிலா வரவும் இல்லை. பிறகு ஒரு மாலை, கடற்கரைச் சாலையில் எதிரே வந்தார்கள். முன்னால் மணி, ஒரு புதுக் கயிறு, கயிற்றின் மறுமுனை அப்பாவின் கையில், அவர் பக்கத்தில் அகிலா. உன் அருகில் வந்ததும் கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "கயிறு இவ்வளவு நீளம் போதுமாம்மா?"

பிறகு நீ நோயில் விழுந்து திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், பிள்ளைகள் எழுதியதையெல்லாம் நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து போனில் பார்த்து வாசித்துக் காட்டினேன். வலி கூடும்போதுகூட நிறுத்த விடமாட்டாய். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டாய். "ராஜாத்திய நீ வச்சுக்கிடுவியாளா?" நாய் உரசினால் ஓடிப்போய்க் கால் கழுவுகிறவள் நான். சரி என்றேன்.

"மக்ரூன் குடுத்துராத."

"குடுக்க மாட்டேன்."

கண்ணை மூடிக்கொண்டாய். திறக்காமலே, "ஞாயித்துக்கெழம மட்டும் ஒரு துண்டு குடு" என்றாய்.

நீ போன பிறகு பிள்ளைகள் யாரும் எழுதவில்லை. போன மாதம் அகிலாதான் மறுபடி ஆரம்பித்தாள், உன்னைப் பற்றி. நன்றாகத்தான் எழுதியிருந்தாள். ஆனால் நடுவில் ஒரு வரி: "ஆன்ட்டி ராஜாத்தியை ஒருநாளும் திட்டியதே இல்லை." அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். அவளுக்குப் போன் போட்டு ஒரு கிறிஸ்துமஸ் நாளின் கதையைச் சொன்னேன். "இத நீங்களே எழுதுங்க ஆன்ட்டி. நான் எழுதுனா பாத்த மாதிரி வராது" என்றாள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கிறிஸ்துமஸ் அன்று நீ ஊருக்கெல்லாம் கொடுக்க வைத்திருந்த கேக்கை ராஜாத்தி இழுத்துப் போட்டுத் தின்றுவிட்டாள். நீ போட்ட சத்தம் எனக்குத் தெருமுனையிலேயே கேட்டது. "சனியனே, வெளிய போ! மூஞ்சில முழிக்காத!" நான் ஓடிவந்து வாசலில் நின்றபோது சத்தம் அடங்கியிருந்தது. நீ புதுச்சேலையோடு தரையில், சிதறிக்கிடந்த கேக்குக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாய். அவள் முகம் உன் மடியில். "மன்னிச்சிரு தாயி. ஒன்னப் போயி சொல்லிட்டேனே. மன்னிச்சிரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். உள்ளே வரக் கூச்சப்பட்டு, வந்த வழியே திரும்பிவிட்டேன்.

மன்னிப்புக் கேட்ட அந்தக் குரல்தான் என்னிடம் இருக்கிறது. வீட்டில் யாரிடமாவது கத்திவிட்டு அடுத்த அறைக்கு வந்து நிற்கும்போது அது கேட்கிறது. நானும் திரும்பிப் போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.