இரண்டு தூண்கள் குறைந்த ஃபைல்

2007 ஆகஸ்ட் 6, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. வீடு இருக்கும் பெஹாலாவில் முழங்கால் அளவு தண்ணீர். அலிப்பூர் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தரை. சேலை ஓரம் முழுக்கச் சேறு.

கம்ப்யூட்டரில் ஆஸ்பத்திரிக் கட்டட டிராயிங் ஃபைலைத் திறக்கக் கொடுத்துவிட்டு டீ குடித்தேன், குடையை விரித்து வைத்தேன், மகள் நந்தினியின் ஸ்கூலுக்கு போன் செய்தேன். லீவாம். திரும்பி வந்தால் இன்னும் திறந்தபாடில்லை. கடிகாரம் பார்த்தேன்: இருபத்தாறு நிமிடம். எட்டுப் பேருக்கும் இந்த ஒரே ஃபைல்தான். ஒருவர் சேமித்தால் மற்ற ஏழு பேரின் திரையும் உறைந்துபோகிறது.

முதலாளி சென்தா வந்து நின்றார். இங்கே முதலாளியும் 'தா', அண்ணன்தான்; நான் 'தி', 'திதி', அக்கா. "வசந்திதி, நீங்கதான் சீனியர். இத எப்படியாவது இளைக்க வைங்க. புதன்கிழமை மொட்டைமாடி டிராயிங் சைட்டுக்குப் போயாகணும்."

தலையாட்டிவிட்டேன். கை தவறினால் எட்டுப் பேரின் ஆறு மாத வேலை.

ஆக. 7, செவ்வாய்

முதலில் பழையதை அப்படியே ஒரு சிடியில் எடுத்து வைத்தேன். பிறகு:
– யாரும் பயன்படுத்தாத கட்டில், மேசை, மரம், கார் படங்கள். நூற்றுக்கணக்கில். நீக்கம்.
– சைட் போட்டோ ஒன்று, ராட்சத அளவு. யார் ஒட்டியதோ. நீக்கம்.
– ஐந்து மாடியையும் தனித்தனியாகப் பிரித்தேன். அவரவர் மாடியை மட்டும் திறந்தால் போதும்.
– தூண், உத்தரம் காட்டும் டிராயிங் இரண்டு முறை இணைந்திருந்தது. ஒரே பெயர், ஒன்றின்மேல் ஒன்று. ஒன்று பொது ஃபோல்டரில். மற்றது கட்டுமான இன்ஜினியர் தீபங்கர்தாவின் சொந்த மெஷினில், அவர் கம்ப்யூட்டரில். ஆபீஸ் விதி, பொது ஃபோல்டர்தான். மற்றதை எடுத்துவிட்டேன். அவரிடம் கேட்டிருக்கலாம். அப்பாவுக்கு உடம்பு சரியில்லையென்று ஊருக்குப் போயிருக்கிறார்.

மாலை: நான்கு நிமிடத்தில் திறந்தது! என் பக்கத்து சீட் மௌ எழுந்து நின்று கை தட்டினாள். சென்தா எல்லோருக்கும் சந்தேஷ் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். இரண்டு தின்றேன்.

ஆக. 8, புதன்

மௌ மொட்டைமாடி டிராயிங்கை பிரிண்ட் எடுத்தாள். கையெழுத்துப் போட்டது நான். டாலிகஞ்ச் தாண்டி இருக்கும் சைட்டுக்கு ஆள் கொண்டுபோனார். வெள்ளிக்கிழமை கான்கிரீட்.

நந்தினிக்கு இருமல். துளசிக் கஷாயத்தைத் துப்பிவிட்டாள்.

ஆக. 9, வியாழன்



செவ்வாயன்று நீக்கிய கதவுப் படம் ஒன்று வேண்டுமென்று மௌ கேட்டாள். சிடியில் தேடினேன். மொட்டைமாடி கண்ணில் பட்டது. தண்ணீர்த்தொட்டிக்குக் கீழே தூண்கள் ஆறு. இப்போதைய ஃபைலில் நான்கு.

மூன்று முறை எண்ணினேன். நான்குதான்.

தீபங்கர்தா தொட்டியைப் பெரிதாக்கி, இரண்டு தூண் சேர்த்திருக்கிறார். தன் மெஷினில். பொது ஃபோல்டரில் இருப்பது பழையது. நான் தூக்கியெறிந்தது புதியது. சைட்டுக்குப் போயிருப்பது என் கையெழுத்தோடு நான்கு தூண். தொட்டிக்கு நேர் கீழே குழந்தைகள் வார்டு.

சைட்டுக்கு போன் போட்டேன். மணி அடிக்கவே இல்லை. மழையில் லைன் போயிருக்கும். மறுபடி, மறுபடி.

சென்தாவிடம் சொன்னேன். அவர் முதலில் கேட்டது: "வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"நல்லது. சரி பண்ணி சனிக்கிழமை போற டிராயிங் கட்டோட அனுப்புங்க. காரணம் எழுத வேண்டாம்."

"நாளைக்கே கான்கிரீட், சென்தா. தூணோட கம்பி அதுக்கு முன்னாடி நிக்கணும்."

"மழை. போட மாட்டாங்க." கதவைச் சாத்திக்கொண்டார்.

ஹால்டியா துறைமுகத்தில் வேலையாக இருக்கும் என் கணவரிடம் போனில் சொன்னேன். "இங்க பாரு வசந்தி, அவரே சொல்லிட்டார்ல? நீ வாயத் திறக்காத. வேலை போச்சுன்னா வேற எவன் குடுப்பான்?" நியாயம்தான். தீபங்கர்தா சொந்த மெஷினில் வைத்தது தப்பு என்றும் சொல்லிவிடலாம். அதுவும் பொய்யில்லை.

மழை நிற்கக்கூடாதென்று வேண்டிக்கொள்கிறேன்.

ஆக. 10, வெள்ளி

எழுந்தால் வெயில். பளீரென்று.

நந்தினியைக் கீழ்வீட்டுப் பெரியம்மா மாஷிமாவிடம் விட்டுவிட்டு, ஆபீசுக்குப் போகாமல் நேரே சைட். ஆட்டோவில் உட்காரவே முடியவில்லை. வாசலிலேயே மிக்ஸர் சத்தம். ஐந்து மாடி ஏறினேன். பாதித் தளம் போட்டாகிவிட்டது. தொட்டிப் பக்கம் மட்டும் வெறும் கம்பி.

"நிறுத்துங்க!" என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

கான்ட்ராக்டரின் இன்ஜினியர் மண்டல்பாபு வந்தார். "டிராயிங் உங்க ஆபீஸ் குடுத்ததுதானே? லெட்டர் இருக்கா?"

"இல்லை."

"லெட்டர் இல்லாம எப்படி நிறுத்துறது, திதி? எழுபது பேர் நிக்கிறாங்க."

சைட் ஆர்டர் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். எழுதினேன்: 'எட்டாம் தேதி டிராயிங் தவறு. தொட்டிக்கு ஆறு தூண். நான்கு என்று வந்தது என் பிழை. இந்தப் பக்கம் கான்கிரீட் போடக் கூடாது.' பெயர், தேதி, கையெழுத்து. எழுதும்போதே வேலை போய்விட்டது என்று தெரிந்தது.

மண்டல்பாபு இரண்டு முறை படித்தார். பிறகு மேஸ்திரியைப் பார்த்துக் கையை உயர்த்தினார். மிக்ஸர் நின்றது. படிக்கட்டில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். யாரோ பெண் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

ஆக. 13, திங்கள்

தீபங்கர்தா வந்துவிட்டார். சைட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். போட்ட பகுதிக்கு ஒன்றுமில்லை, மிச்சத்தில் கம்பி நிறுத்திவிடலாம், நான்கு நாள் தாமதம். என்னிடம் கோபிக்கவில்லை. "என் மெஷின்ல வெச்சது நான்தான்," என்றார். அவர் முகமும் வெளுத்திருந்தது.

சென்தா கூப்பிடவில்லை. கடிதம் மட்டும் மேசைமேல். இந்த ஆஸ்பத்திரி வேலையிலிருந்து விலக்கம், இனி டெண்டர் பிரிவு. வேலை போகவில்லை. கணவரிடம் சொன்னேன். "அப்பாடா," என்றார். எனக்கு அப்பாடா வரவில்லை.

ஆக. 14, செவ்வாய்

டெண்டர் பிரிவில் ஜன்னல் இல்லாத மூலை. பத்து மணிக்கு உறைத்தது. இதற்கு முன்னால் எத்தனை ஃபைல் இப்படிச் சுத்தம் செய்திருக்கிறேன்? எல்லாவற்றிலும் இதே கை, இதே விதி.

யோசித்துப் பார்த்தேன். இரண்டு. ஒன்று கட்டாமலே நின்றுபோன கல்யாண மண்டபம். மற்றது குடியிருப்பு.

சென்தாவிடம் பழைய சிடிகளைப் பார்க்கலாமா என்றேன். "கிளறாதீங்க," என்றார். மௌ அலமாரிச் சாவியை ஒன்றும் கேட்காமல் என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

குடியிருப்பின் சிடி, சுத்தம் செய்யும் முன் எடுத்தது. இணைப்புப் பட்டியலைத் திறந்தேன். உத்தரங்கள் டிராயிங், ஒரே பெயரில் இரண்டு வரி. எதை விட்டேன், எதை எடுத்தேன் என்று நினைவே இல்லை. சுத்தம் செய்த ஃபைலும் இப்போது இல்லை. இரண்டையும் பிரிண்ட் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஹால் ஜன்னல் கண்ணாடியில் பிடித்தோம், நானும் தீபங்கர்தாவும். மூன்றாவது மாடியில் ஒரு உத்தரத்தின் ஆழம் வேறு.

கட்டியது எது என்று தாளில் தெரியாது. போய் அளந்தால்தான் தெரியும். மூன்று வருடமாக அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

தீபங்கர்தா அளவு டேப்பைப் பைக்குள் போட்டுவிட்டார். மணி மூன்றரை. கிளம்புகிறோம்.