முன் அறை டயருக்கு இல்லை

அன்பு மகளுக்கு அப்பா சொல்லி எழுதச் செய்வது. மூட்டுவலி ஒன்றைத் தவிர இங்கே எல்லாம் சௌகரியம், நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே சௌகரியம் என்றே நம்பியிருக்கிறேன், இல்லையென்றால் ஒளிக்காமல் சொல்லிவிடு. முன் அறையை டயர் வியாபாரிக்குக் கிடங்காக விட்டுடுங்க மாமா, மாசம் பிறந்தா கைக்குக் காசு வரும் என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். என் நல்லதுக்குத்தான் சொன்னார். அவர் சொல்லை நான் தட்டுகிறவன் இல்லை, இந்த ஒரு விஷயத்தில் தட்டிவிட்டேன், ஏன் என்று நீதான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

அந்த அறையில் சாயங்காலம் ஓய்வுபெற்ற தபால்காரர் கதைப் புத்தகம் வாசிக்க, நாங்கள் ஏழெட்டுப் பேர் கேட்போம் என்பது உனக்குத் தெரியும். போன மாசம் ஒரு தடிப் புத்தகம் தையல் விட்டுப்போய், பைண்டிங் வேலை செய்கிற பெண்ணிடம் கொடுத்துத் தைத்து வாங்கினோம். வெள்ளிக்கிழமை தபால்காரர் தன் பாட்டுக்கு வாசிக்கிறார், எல்லாரும் தலையாட்டுகிறார்கள், எனக்குப் பொறுக்கவில்லை. நிறுத்துங்கய்யா, செவ்வாய்க்கிழமை வாசிச்ச கதையில செத்துப்போன கணக்குப்பிள்ளை இன்னைக்கு எப்படிக் குடைக்குப் பேரம் பேசறான் என்று கேட்டேன். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. ஒரு எழுத்து தெரியாது, எனக்கு வாசிக்கச் சொல்லித் தர்றீங்களாக்கும் என்றார். எனக்கு எழுத்து தெரியாது, ஆளைத் தெரியும், அவனைப் புதைச்சாச்சு என்றேன். பக்க எண்ணைப் பார்த்தால், நடுவில் ஒரு கட்டுப் பக்கங்களை இடம் மாற்றி, முன்னால் வர வேண்டியதைப் பின்னால் தைத்திருக்கிறாள் அந்தப் பெண். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவதும் அவளேதான், இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டுச் சிரிக்கிறாள்.

அந்தச் செய்தி தெருவெல்லாம் சுற்றியது. செத்தவன் பேரம் பேசிய புத்தகத்தைப் பார்க்க வந்தவர்கள், அடுத்தது என்ன என்று கேட்க உட்கார்ந்துவிட்டார்கள். இப்போது வாசற்படி வரைக்கும் ஆள். எதிர் டீக்கடை அம்மா இரண்டாவது அடுப்புப் போட்டு, தங்கச்சியையும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டாள். ஆளாளுக்கு வீட்டில் கிழிந்து கிடந்த புத்தகங்களைக் கொண்டுவர, பைண்டிங் பெண் நம் மாடிப்படிக்குக் கீழேயே கடை போட்டுவிட்டாள். சாக்கடைத் தகராறில் எட்டு வருஷமாகப் பேசாத குழாய்க்காரரும் லாரிக்காரரும் இருக்கிறார்களே, ஒருநாள் வராமல் போன குழாய்க்காரர், நேத்து கதை என்ன ஆச்சுய்யா என்று லாரிக்காரரிடமே கேட்டார், அவரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே முழுசும் சொன்னார். டயரை அடுக்கி வைத்தால் இதில் எது நடக்கும். வாசிப்பு நின்றுவிடக் கூடாது என்று டீக்கடை அம்மாவும் பைண்டிங் பெண்ணும் சேர்ந்து அந்த அறைக்கு வாடகை தருகிறார்கள், டயர்காரர் சொன்னதில் பாதிதான், எனக்குப் போதும், அவர்கள் பிழைப்பு வளர வளர அதுவும் வளரும், எனக்குச் சந்தேகமே இல்லை.

குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. பேத்தி படித்து முடித்த புத்தகங்களைத் தூக்கிப் போடாமல் அனுப்பி வை, கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, தைக்க ஆள் இருக்கிறது, சரியாகத் தைத்தாளா என்று பார்க்க நான் இருக்கிறேன். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். கைநாட்டு வையுங்க பெரியவரே என்று டயர்காரர் பத்திரத்தோடு மூன்று தடவை வந்து போனார். அவருக்குக் கொடுக்காத பெருவிரலைத்தான் இதன் கீழே வைத்திருக்கிறேன், மாப்பிள்ளையிடம் காட்டு.

இப்படிக்கு,
உன் அப்பா
(இடது கைப் பெருவிரல் ரேகை)